ஈரச் சாக்கும் 930 பிஎஸ்ஐயும்

போன சனிக்கிழமை வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறான். கையில் ஒரு தாள். நைட்ரஸ் போட, அதாவது கூடுதல் பலத்துக்காக இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை விட, என்னென்ன வாங்க வேண்டும் என்று வீடியோ பார்த்து எழுதி, பக்கத்திலேயே விலையும் குறித்திருந்தான். முதல் வரியில் பாட்டில். இரண்டாவது வரியில் பாட்டில் ஹீட்டர்.

"ஹீட்டர் எதுக்குடே?" என்றேன்.

"எல்லாரும் போடுதாவ அண்ணாச்சி. பிரஷர் நிக்கணும்லா?"

அவன் சட்டைப்பையில் இருந்த பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். பையன் முகம் வாடிவிட்டது. ஆனால் நம்ம ஊரில் நைட்ரஸ் போட நினைக்கிறவனுக்கு முதல் பாடமே அதுதான். அது தெரியாமல் நான் ஒரு பிஸ்டனைப் பறிகொடுத்திருக்கிறேன். கடையில் ஆள் நிற்கும்போது அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

என் வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், கம்பெனி கணக்குக்கு 106 குதிரைத்திறன். கிட் வந்தது சார்ஜாவில் இருக்கும் அத்தான் மூலமாக. இரண்டு சோலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு), தெளிக்கிற நாசில் ஒன்று, ஒரு டப்பா நிறைய ஜெட் (பாயும் அளவைத் தீர்மானிக்கிற சின்னத் துளை), எஃகுக் கம்பி பின்னிய குழாய், பிரஷர் கேஜ். பாட்டில் மட்டும் வரவில்லை. விமானத்தில் அதை ஏற்றவும் முடியாது, ஏற்றவும் கூடாது.

அதையெல்லாம் முதலில் கொண்டுபோய்க் காட்டியது பணகுடியில் சித்தப்பாவிடம். மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற இடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் பேப்பர் விரித்துப் பரப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபிட்டிங்காக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது எரியாதுல, எரிய வைக்கும். விகாஸ் இன்ஜின்ல ஒரு டேங்க்ல எரிபொருளு, இன்னொரு டேங்க்ல நைட்ரஜன் டெட்ராக்சைடு. மேல காத்து கெடையாதுல்லா? ஆக்சிஜனை இங்கேருந்தே சுமந்துட்டுப் போகணும். ஒன் பாட்டில்ல இருக்கது அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

அப்புறம் ஒரு ஃபிட்டிங்கின் உள்பக்கம் சுண்டுவிரலை விட்டுத் தடவி, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கிரீஸ். "ஆக்சிடைசர் போற வழியில எண்ணெ இருக்கப்படாது. ஒரு பொட்டு இருக்கப்படாது." அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்துக் காயவைத்தோம். இன்றைக்கும் நைட்ரஸ் குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் நான் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன்.

சித்தப்பா சொன்னதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. காற்றில் எடைக் கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். சிலிண்டர் சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. கூடவே பாட்டிலில் திரவமாக இருப்பது வெளியே வந்ததும் ஆவியாகி, உள்ளே போகிற காற்றையும் குளிரவைக்கிறது. அதன் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே 88 டிகிரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஜிஎம்-1 என்று பெயர் வைத்து, காற்று மெலிந்த உயரத்தில் பறக்கிற விமானங்களுக்கு இதைத்தான் கொடுத்தார்கள். கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோல் கூடவே போனால் பலம். போகாவிட்டால் அந்தச் சூடு பிஸ்டனைத் தின்னும்.

இனி வெயிலுக்கு வருகிறேன்.

பாட்டிலுக்குள் இருக்கிற அழுத்தத்தை நாம் வைப்பதில்லை, சூடு வைக்கிறது. 20 டிகிரியில் சுமார் 730 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு). 25இல் 820. 31 டிகிரி வந்தால் 930 பக்கம் நிற்கும். கிட் செய்கிறவர்கள் 900க்கும் 1,000க்கும் நடுவில் வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். ஜெட் அளவெல்லாம் அந்தக் கணக்கில்தான் துளைத்திருக்கும். அவர்கள் ஊரில் காலையில் பத்து டிகிரி. அங்கே ஹீட்டர் இல்லாவிட்டால் பாட்டில் தூங்கிக்கொண்டே இருக்கும். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 38, 39. மூடிய டிக்கிக்குள் என்ன இருக்கும் என்று கைவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

36.4 டிகிரி என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். நைட்ரஸ் ஆக்சைடுக்கு அதுதான் மாறுநிலை வெப்பம். அதைத் தாண்டினால் பாட்டிலுக்குள் திரவம் கீழே, ஆவி மேலே என்கிற பிரிவினையே கிடையாது. எல்லாம் ஒரே கெட்டியான வாயு. கிட் திரவத்தை நம்பிச் செய்தது. முழுப் பாட்டிலாக இருந்தால் அழுத்தம் எகிறி நைட்ரஸ் கூடுதலாகப் பாயும். பாதிப் பாட்டிலாக இருந்தால் அடர்த்தி குறைந்து, பெட்ரோல் மிஞ்சி இன்ஜின் திக்கும். அதே ஜெட், அதே நாசில், காலையில் ஒரு வண்டி, மத்தியானம் ஒரு வண்டி.

அந்த மத்தியானத்தைத்தான் நான் பார்த்தேன். ஆறு வருஷம் முன்னால், மே மாதம், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. விடியுமுன்னே கிளம்பி மதுரை வழியாக முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடியிருக்கிறது. பாட்டில் டிக்கியில். போய்ச் சேர்ந்ததும் வெட்டவெளியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து வால்வைத் திறந்தால் கேஜ் 1,250 காட்டுகிறது. எனக்குச் சந்தோஷம். அழுத்தம் கூடினால் பலம் கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். 50 ஷாட் ஜெட், அதாவது 50 குதிரைத்திறன் கூடுதலாகத் தருகிற ஜெட், போட்டிருந்தேன். டேங்கில் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் கூடினால்தான் சூட்டில் தானாக வெடிக்காமல் தாங்கும்).

கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். ஜெட் வழியாகப் பாய்வது அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 930க்கு வைத்த ஜெட்டில் 1,250 வந்தால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், நைட்ரஸ் ஆறில் ஒரு பங்கு கூடுதல். பெட்ரோல் அதே அளவுதான். அதுவும் இல்லை, பழைய பெட்ரோல் பம்ப், முழு வேகத்தில் இழுக்கும்போது அழுத்தம் இறங்கியிருக்கிறது. அதை நான் முன்னாலேயே அளந்து பார்க்கவில்லை. இந்தப் பக்கம் ஆக்சிஜன் ஏற, அந்தப் பக்கம் பெட்ரோல் இறங்க, நடுவில் மூன்றாவது பிஸ்டன்.

இரண்டு விநாடி இழுத்தது. இருக்கையோடு அழுத்தியது இன்னும் முதுகில் நினைவிருக்கிறது. அப்புறம் தகர டப்பாவில் சரளைக்கல் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்துவிட்டேன். ஐடிலில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டபோது, இன்ஜின் ஒரு பக்கமாக ஆடியது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தைப் பிஎஸ்ஐயில் அளந்தோம்: 178, 176, 60, 175.

மூன்றாவது பிளக்கை அங்கேயே கழற்றிப் பார்த்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவின மாதிரிப் புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளி உருண்டைகள், ஊசிமுனையைவிடச் சின்னது, வெயிலில் மினுங்கின. அது பிஸ்டனின் அலுமினியம். உருகித் தெறித்து ஒட்டியிருக்கிறது. ஹெட்டை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தபோது முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரப்பு, பிறை மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து கிடந்தது. அந்தத் துண்டு இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. வள்ளியூர்த் தம்பி கையில் அதைத்தான் வைத்தேன்.

இப்போது நான் செய்கிற முறை எளிமையானது. பாட்டில் கடைசி வரைக்கும் நிழலில். ஓட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் தெர்மாமீட்டர், 31 டிகிரிக்குக் கொண்டுவந்து பாட்டிலைப் படுக்கவைப்பேன். வால்வு தண்ணீருக்கு மேலே. ஐஸ் கட்டியைப் பாட்டில் மேல் நேராகக் கொட்டுவதில்லை. வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே சமப்பட நேரம் பிடிக்கும், கேஜ் நம்மை ஏமாற்றும். வண்டியில் ஏற்றின பிறகு ஈரச் சாக்கு சுற்றி, டிக்கியைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். நம்ம ஊர்க் கோடைக்காற்று காய்ந்த காற்று. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே பாட்டிலும் குளிர்கிறது. மத்தியானத்திலும் 930ஐ ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். குற்றாலச் சாரல் நாளில் அதிகாலையில் 850 பக்கம் காட்டும். அப்போது கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சும், பலம் குறையும், இன்ஜினுக்குக் கேடு இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். யாராவது பாட்டிலைத் தீயில் காட்டிச் சூடேற்றினால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். 4.5 கிலோ பாட்டிலில் 4.5 கிலோவுக்கு மேல் ஒரு கிராம் ஏற்றவும் விடாதீர்கள். அதிகம் ஏற்றின பாட்டிலில், விரிவதற்கு இடம் இல்லாத நைட்ரஸ் வெயிலில் என்ன அழுத்தத்துக்குப் போகும் என்று யோசித்தாலே போதும். 3,000 பிஎஸ்ஐ பக்கம் கிழிகிற தகடு வால்வில் இருக்கிறது, அதை நம்பி வெயிலில் வைக்கக்கூடாது.

பொருத்துவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டிலுக்குள் உறிஞ்சு குழாய் அடியை நோக்கி வளைந்திருக்கும். வண்டி பாயும்போது திரவம் பின்னால் போகும், அதனால் வால்வு முன்பக்கம் பார்த்து, கொஞ்சம் தூக்கலாக, லேபிள் மேலே தெரிய வேண்டும். குழாய் சைலன்சர் பக்கமே போகக்கூடாது. நாசில், இன்ஜினுக்குப் போகிற காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு ஒரு சாண் முன்னால். நான் போட்டிருப்பது நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசிலில் சேர்ந்து தெளிக்கிற வகை. வண்டியின் சொந்த இன்ஜெக்டரை நம்பி நைட்ரஸை மட்டும் விடுகிற வகையும் உண்டு. பழைய கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் எனக்கு அதில் தைரியம் இல்லை.

பெட்ரோல் பக்கத்தை நைட்ரஸ் இல்லாமலே அளந்துவிடலாம். நாசிலைக் கழற்றி அளவு ஜாடிக்குள் விட்டு, இன்ஜினை அணைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு 30 விநாடி. 35 ஷாட் ஜெட்டுக்கு என் ஜாடியில் 130 மில்லி சுமார். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அதே அளவு வர வேண்டும். வராவிட்டால் பம்போ ஃபில்டரோ ஏதோ ஒன்று ஒளித்து வைத்திருக்கிறது. பீடி, சிகரெட்டு ஆட்கள் கேட்டுக்கு வெளியே.

ஏன் 35 ஷாட் என்று கேட்கிறார்கள். நைட்ரஸ் நேரக் கணக்கில் பாயும், இன்ஜின் சுற்றைப் பார்த்துப் பாயாது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு விநாடிக்குப் பாய்கிற அதே அளவு 3,000 சுற்றிலும் பாயும். சுற்று பாதி என்றால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பங்கு. 35 குதிரைத்திறன் என்பது 6,000இல் 41.5 நியூட்டன் மீட்டர் திருகுவிசைதான். 3,000இல் அதுவே 83. பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கிற கனெக்டிங் ராடு வளைவது அங்கேதான். அதனால் 3,500க்குக் கீழே திறக்கவே விடாத மாதிரி ஒரு ஸ்விட்ச். மேலே, சுற்று எல்லை மீறாமல் தடுக்கிற ரெவ் லிமிட்டர் பெட்ரோலை வெட்டுவதற்கு முன்னாலேயே மூட வேண்டும். வண்டியின் சொந்த இன்ஜெக்டர் பெட்ரோல் வெட்டுப்பட்டு நைட்ரஸ் நிற்காமல் போகிற அரை விநாடி போதும், இன்ஜின் போய்விடும். என் வண்டியில் 6,300இல் மூடிக்கொள்ளும். த்ராட்டில் முழுசாகத் திறந்தால்தான் வேலை செய்யும். பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் தானாக நிற்கும். இந்த நாலும் இல்லாமல் வெறும் பட்டனைக் கையில் கொடுக்கச் சொல்லி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடுகிற நேரத்தை, 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி பின்னால் தள்ளச் சொல்வது வழக்கம். 35க்கே நான் 2 தள்ளியிருக்கிறேன், வெயிலுக்காக. பிளக் ஒரு படி குளிர்ந்தது. என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதனால் 6 இருந்த இடத்தில் 7. இடைவெளி 0.8 மில்லிமீட்டர். பெட்ரோல் 95 ஆக்டேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருவதால் பழைய கணக்கு ஒன்று மாறியிருக்கிறது. 14.7 என்று மனப்பாடம் செய்த காற்று–பெட்ரோல் விகிதம் இந்தப் பெட்ரோலுக்கு 13.5 பக்கம். கேஜில் லாம்டாவைப் பார்ப்பதுதான் குழப்பம் இல்லாத வழி. எந்தப் பெட்ரோலானாலும் சரியான விகிதத்துக்கு லாம்டா 1, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் மிஞ்சுகிறது. நைட்ரஸ் திறந்திருக்கும்போது 0.80 பக்கம் நிற்க வேண்டும். 0.85ஐத் தொட்டால் காலை எடுத்துவிடுவேன். 2002 மாடலில் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிறதாக மாற்றியதும் இதே காரணத்துக்குத்தான்.

புது பிஸ்டன் போட்டு, இப்படி அமைத்து, பலத்தை அளக்கிற டைனோவில் ஏற்றினபோது நைட்ரஸ் இல்லாமல் சக்கரத்தில் 82 குதிரைத்திறன். திறந்ததும் 114. அன்று ஓட்டி முடித்ததும் இன்ஜினை அணைத்து, ஐடிலில் விடாமல், பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் சுத்தமாக, அடியில் மட்டும் மெல்லிய சாம்பல் வளையம். வளைந்த கம்பியில் நிறம் மாறுகிற கோடு வளைவுக்கு நேராக. மிளகு இல்லை, வெள்ளி இல்லை. நாலும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி. அதை வரிசையாகத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "சுத்தமா இருக்கு" என்று இரண்டு வார்த்தை பதில் வந்தது. அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

பாட்டிலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் தம்பி கேட்டான். சிலிண்டருக்கு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையான பெசோவின் அனுமதி வேண்டும், 2016 எரிவாயு சிலிண்டர் விதிகள் அதற்குத்தான் இருக்கின்றன. உரிமம் உள்ள வாயு வியாபாரியிடம்தான் நிரப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நைட்ரஸ் ஆபரேஷன் மேஜைக்குப் போகட்டும். அங்கிருந்து ஒரு வழி செய்து தருகிறேன் என்று சொல்கிறவனோடு பேச்சே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, வண்டியைக் கம்பெனி செய்து கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. அதனால் ஓட்டமெல்லாம் டிராக்கில் மட்டும். முதல் தடவை போலப் பாட்டிலை டிக்கியில் போட்டுக்கொண்டு நான் ரோட்டில் போவதில்லை. வண்டி வெறுமனே போகும், சோலினாய்டு கனெக்டர் இரண்டும் கழற்றியிருக்கும். பாட்டில் இல்லாமல் யாராவது ஸ்விட்சைத் தட்டினால் பெட்ரோல் மட்டும் உள்ளே கொட்டும். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் ராத்திரி இழுத்துப் பார்க்கலாம் என்று கூப்பிடுகிற பையன்கள் இருக்கிறார்கள். அந்த ரோட்டில் விளக்கில்லாத டிராக்டரும் மாடும் குறுக்கே வரும். நான் போவதில்லை, என் கடையில் வேலை செய்த வண்டியும் போகக்கூடாது.

தம்பியின் தாளில் 75 ஷாட் என்றிருந்தது. அதையும் அடித்துவிட்டு, "மொதல்ல நாலு சிலிண்டர் கம்ப்ரஷனும் எடுத்து அனுப்புடே, பொறவு பேசுவோம்" என்று அனுப்பினேன். புதன்கிழமை ராத்திரி அனுப்பியிருந்தான்: 172, 170, 171, 148. நாலாவதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். 150. ரிங் போயிருந்தால் ஆயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இன்ஜின் வால்வு சரியாக மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டு வருகிறான், முதலில் வால்வு இடைவெளியைப் பார்த்துவிட்டு ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.